தவிலுக்குப் பின்னால் ஒரு ரேஸ் கிளட்ச்

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு எரிச்சலில் பிறந்தது. தொண்ணூற்றாறில் சிங்காநல்லூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளையின் சிவப்பு மாருதி ஒரு துள்ளல் துள்ளும், நிற்கும். மறுபடி துள்ளும், நிற்கும். திட்டிக்கொண்டே போனவன் கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2
முதல் தொடக்கம்: 'ஜெரால்டின் விரல்களில் எப்போதும் கிரீஸ்...' வேண்டாம். மெக்கானிக் என்றாலே கிரீஸில் தொடங்கும் வியாதி எனக்கு.

சரி, இப்படி. அந்த மாருதியைப் பிரித்து மாட்டியவன் மெக்கானிக் ஜெரால்டு. மாப்பிள்ளை சுரேந்தர் அவன் நண்பன்; வண்டி பறக்கவேண்டும் என்று எஞ்சின் ஹெட்டைத் தேய்த்தான், பெரிய கார்புரேட்டர் வைத்தான், கேம்ஷாஃப்ட் மாற்றினான். எஞ்சினில் சண்டை வரவில்லை. கிளட்சில்தான் வந்தது.

"மாப்ள, ரோட்ல ஓட்டற வண்டிக்கு ரேஸ் கிளட்ச் வேண்டாம்டா. காலை எடுத்தா கப்புனு புடிக்கும். மெல்ல உருட்ட முடியாது."

"நா என்ன மெல்ல உருட்டறதுக்கா இத்தனை செய்யறேன்? அதையே போடுடா."

போட்டான்.*

(*மாப்பிள்ளை கார் தவில்காரரின் நடைவேகத்தில்தான் போகும். இருவரும் கோயமுத்தூர்க்காரர்கள், எத்தனையோ அழைப்பில் ஆடியவர்கள். ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. நம்ப முடியாவிட்டால், நீங்கள் வண்டிப் பைத்தியங்களோடு பழகியதில்லை.)

3
சுரேந்தரின் அப்பா லட்சுமணசாமி, பம்பு பட்டறை முதலாளி. இவரை வில்லனாக்கப் பெரிய மீசையெல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, எடுத்துவிட்டேன். ஆனால் அவர் போட்ட நிபந்தனையை எடுக்க முடியாது.

"அழைப்புக்கு அந்த வண்டிதான் வரோணும்ங்கற, செரி. நடுரோட்ல தள்ளற மாதிரி ஆச்சுன்னா, கல்யாணம் முடிஞ்சதும் வித்துப்போடோணும். சம்மதமா?"

சுரேந்தர் தலையாட்டிவிட்டான். அவனுக்கு அந்தக் கார் என்றால் உயிர்.

4
பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். ஜெரால்டு ஓட்டினான், மாலையோடு சுரேந்தர் பின் சீட்டில். கிளட்சை மெல்ல விட்டால் கருகல் வாசனை. சட்டென்று விட்டால் கார் தவில்காரர் வெள்ளியங்கிரியின் முதுகுக்கே பாய்ந்தது. அவர் வாசிப்பை நிறுத்தாமலே திரும்பி முறைத்தார். ஜெரால்டு தலையை வெளியே நீட்டினான்.

"ஏனுங்ணா, ஒரே எடத்துல நின்னு ஒரு பாட்டு முழுசா வாசிங்க. அப்பறம் கொஞ்ச தூரம் முன்னால போயிருங்க. நா ஒரே எட்டுல வந்தர்றேன்."

"அட, இது நல்லாருக்குதுங்க தம்பி! நடந்துட்டே வாசிச்சு மூச்சு வாங்குது."

அவ்வளவுதான், ஊர்வலத்துக்குப் புது உயிர் வந்தது. பாட்டு முடியும், கார் துள்ளும், மாலை மாப்பிள்ளையின் மூக்கில் இடிக்கும், கூட்டம் விசிலடிக்கும். இதுதான் இப்போது பேஷன் என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். இந்த இடத்தை எழுதும்போது எனக்கே குஷி தாங்கவில்லை.

மண்டபம் தெரிந்தது. நண்பர்கள் சுரேந்தரைக் கீழே இழுத்துத் தவிலுக்கு முன்னால் ஆடவிட்டார்கள். அப்போது எஞ்சின் நின்றது. ஜெரால்டு சாவியைத் திருப்பினான். டிக். அலங்கார சீரியல் பல்புகள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தன.

5
முடிவு அ: எல்லோரும் சேர்ந்து தள்ள, கார் விலைக்குப் போக... எழுத மனம் வரவில்லை.

முடிவு ஆ: கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பினான், எஞ்சின்... பொய். செத்த பேட்டரி செத்ததுதான்.

எனக்குத் தெரிவது இது. கூட்டம் முழுக்க ஆட்டத்தில் இருந்தது. ஜெரால்டு கண்ணாடியில் பார்த்தான். டிக்கியின் மேல் இரண்டு கைகள், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு ஆள். லட்சுமணசாமி.

"செகண்ட் கியரப் போடு கண்ணு. யாராச்சும் பாக்கறதுக்குள்ள எடுத்துரு."

ஜெரால்டு கிளட்சை மிதித்து செகண்ட் கியரைப் போட்டான். லேசான இறக்கம்தான், ஆனாலும் அவர் மூச்சைப் பிடித்துத் தள்ளினார். கார் உருண்டது. காலை எடுத்தான். ரேஸ் கிளட்ச் கப்பென்று பிடித்தது, எஞ்சின் உறுமியது.

வேர்த்து வழிய ஓடிவந்தான் சுரேந்தர். "ஏன்டா, வண்டி நின்னு போச்சா? யாராச்சும் தள்ளுனாங்களா?"

ஜெரால்டு ஸ்டியரிங்கையே பார்த்தான். லட்சுமணசாமி வேட்டியை இறக்கிவிட்டு உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கப்போவதில்லை. ஆனால் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தது நீங்கள். உங்களைத்தான் கேட்கிறான். அவன் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.