கரியாலூர் போனால் எழுந்திருக்காத பெட்டி

கள்ளக்குறிச்சியில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற சிவசங்கரிடம் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று இருப்பதே, அந்தப் பெட்டி கரியாலூருக்குப் போன பிறகுதான் கடைத்தெருவுக்குத் தெரியவந்தது. நாற்பதைத் தொட்ட ஆள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் வாயைத் திறக்காமல் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டு எழுந்து வந்தவனுக்கு எப்படி ஆகும்? அவனுடைய அக்கா பெரியநாயகி சலித்துப்போய்ப் பெண் தேடுவதையே விட்டுவிட்டாள். கம்ப்யூட்டரோடு நாள் முழுக்கப் பேசுவான், திட்டுவான், கொஞ்சுவான். மனிதர்கள் என்றால் தலையாட்டல்தான்.

பக்கத்துக் கடை ரஜியாவுடையது. பை, பெல்ட், செல்போன் உறை விற்கிறாள். ஒரு கண் வாடிக்கையாளர்மேல், இன்னொரு கண் சிவசங்கர் கடைமேல். அதைக் குறையென்று சொல்ல முடியாது. இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைத் தகரத் தடுப்பு. காதைப் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம்தான் வியாபாரம் பண்ணுவது?

மலைமேல் இருக்கிற கரியாலூரில் மணிமொழி என்ற பெண் ஐந்து அறை லாட்ஜ் ஒன்று நடத்துகிறாள். கச்சிராயபாளையத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பெண். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு, அண்ணன் வாங்கிப்போட்டிருந்த கட்டடத்தை நடத்த மலையேறியவள். இதெல்லாம் ரஜியா விசாரித்துத் தெரிந்துகொண்டது. சிவசங்கராகக் கேட்டிருந்தால் அடுத்த பிறவிதான்.

மணிமொழிக்குத் தலைவலி வைஃபை. அருவி பார்க்க வருகிற பையன்கள் அருவியைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, அறைக்குத் திரும்பிப் படம் இறக்க உட்கார்ந்துவிடுவார்கள். ஓர் அறையில் இறக்கினால் மற்ற நாலு அறையிலும் வட்டம் சுற்றும். அறையைக் காலி செய்கிறவர் போனில் பணம் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேராமல், வாசலில் நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பார்.

அவள் வந்து கேட்டதற்கு, இதற்கு மருந்து ஃபயர்வால் என்றான் சிவசங்கர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அந்த மென்பொருளை ஏற்றி, வெளியிலிருந்து வருகிற லைனுக்கும் வைஃபைக்கும் நடுவில் உட்காரவைத்தால் போதும். வேண்டாததைத் தடுக்கும், அறைக்கு இவ்வளவு என்று அளந்து விடும். உளுந்தூர்பேட்டையில் மூடிப்போன ஒரு டைப்பிங் சென்டரிலிருந்து வந்த பெட்டியை இதற்கென்று எடுத்தான். மென்பொருள் இருந்த பென்டிரைவைச் செருகினால் அது கண்டுகொள்ளவே இல்லை. பெட்டி எழும்போது எதைச் செய்வது என்று குறித்துவைக்கிற பயாஸுக்குள் போய், முதலில் பென்டிரைவைப் பார் என்று சொல்லிக்கொடுத்தான். ஏற்றி முடித்தால், முதலிலிருந்து ஏற்றட்டுமா என்று மறுபடி கேட்டது. பென்டிரைவைப் பிடுங்க மறந்திருந்தான். பிடுங்கினான். பெட்டி சமர்த்தாக எழுந்து வேலை செய்தது.

மலைக்குக் கொண்டுபோனான். எழுந்திருக்கவில்லை.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, லைன் மட்டும் வரவில்லை. ஒயரை மாற்றினான், பிளக்கை மாற்றினான். மணிமொழி டீ கொடுத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, மானிட்டரும் கீபோர்டும் மாட்டிப் போட்டால், ஒன்றுமே நடக்காதது போல எழுந்தது.

இரண்டாம் முறை, மலையில் வோல்டேஜ் கம்மி என்று சொல்லி ஸ்டெபிலைசரோடு போனான். எழுந்திருக்கவில்லை. மூன்றாம் முறை, கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கி உள்ளே ஏதோ கழன்றுகொள்கிறது என்று முடிவுகட்டி, பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான். அப்போதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் டீயோடு ஏதாவது சேர்ந்துகொண்டே வந்தது. முதலில் பிஸ்கெட், பிறகு தோசை, மூன்றாம் முறை சாமைச் சோறும் குழம்பும். பேச்சும் அப்படித்தான். லாட்ஜில் ஒரு சாம்பல் பூனை உண்டு. அது குளிர் தாங்காது, சூடு இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் தூங்கும், அடுப்பு அணைந்தால் குக்கர் மூடிமேல் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று மணிமொழி ஒரு முறை சொல்ல, சிவசங்கர் பதிலுக்கு மூன்று வாக்கியம் பேசினான். அவன் கணக்கில் அது மேடைப்பேச்சு.

போகும்போது பையில் ஸ்க்ரூடிரைவர், வரும்போது தேன் பாட்டில். ரஜியா இதைக் கவனிக்காமல் இருப்பாளா?

"இன்னா தம்பி, ரிப்பேரு பண்ணப் போறியா, விருந்துக்குப் போறியா?" என்று தடுப்புக்கு மேலாகக் கேட்டாள்.

"பொட்டி பூட் ஆவலக்கா."

"ஆவாது. உனக்கே இன்னும் ஆவல."

நான்காம் முறைதான் மானிட்டரையும் தூக்கிக்கொண்டு போனான். பத்து வருஷ அனுபவக்காரனுக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. மூளை வேறு வேலையில் இருந்தது, பாவம். மானிட்டரை மாட்டிப் பட்டனை அழுத்தினான். கறுப்புத் திரையில் ஒரே வரி. கீபோர்டு இல்லை, மேலே போக எஃப் ஒன் அழுத்தவும்.

கீபோர்டு இல்லை என்று நின்றுவிட்ட பெட்டி, கீபோர்டில் ஒரு விசையை அழுத்தச் சொல்கிறது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, கதவைத் திறந்து சாவியை எடுத்துக்கொள் என்பது மாதிரி. கடையில் கீபோர்டு எப்போதும் மாட்டியே இருக்கும், அதனால் அங்கே பெட்டி வாயைத் திறக்கவில்லை. இங்கே கொண்டுவந்து வெறும் பெட்டியை உட்காரவைத்தால், யாரும் பார்க்காத திரையில் இந்த வரியை எழுதிக்கொண்டு நின்றிருக்கிறது.

மணிமொழி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சிவசங்கரும் சிரித்தான். அவன் சிரித்துத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை.

பையிலிருந்த கீபோர்டை மாட்டிப் பயாஸுக்குள் போனான். எது இல்லாவிட்டாலும் நிற்காதே, போய்க்கொண்டே இரு என்று ஓர் ஏற்பாடு அதில் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தான். சேமிக்கட்டுமா என்று பெட்டி கேட்டது. அங்கேதான் அவன் கை நின்றது.

சேமித்தால் கதை முடிந்தது. இனி மலைக்கு வர அவனுக்கு ஒரு காரணமும் கிடையாது. காரணம் இல்லாமல் ஒரு பெண் வீட்டு வாசலில் போய் நிற்கிற ஜாதகம் அவனுக்கு இல்லை. வேண்டாம் என்று அழுத்திவிட்டால் அடுத்த வாரமும் தோசை உண்டு. வெளியே ஓர் ஆள் குடும்பத்தோடு நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மணிமொழி அவரிடம் போய், இன்னும் கொஞ்ச நேரம்ங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சேமி என்று அழுத்தினான். கீபோர்டைக் கழற்றினான், மானிட்டரைக் கழற்றினான், அணைத்துப் போட்டான். பெட்டி எழுந்தது. வாசலில் நின்றவரின் பணம் போய்ச் சேர்ந்தது. கூலியோடு ஒரு பலாப்பழத்தையும் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நின்றவன் முகத்தைப் பார்த்திருந்தால், துக்க வீட்டிலிருந்து வருகிறான் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட ரஜியா தலையில் கைவைத்துக்கொண்டாள். "சரி பண்ணிட்டியா? நல்லா பண்ணின போ. ஊர்ல இருக்கிற பொட்டியெல்லாம் அரைகொறையா விட்டுட்டு, இதைப் போய்ச் சுத்தமா பண்ணிக்கினு வந்து நிக்குது பாரு."

அதற்கப்புறம் சிவசங்கர் இஸ்திரிச் சட்டையை விட்டு, கடையில் எப்போதும் போடுகிற பழுப்புப் பனியனுக்குத் திரும்பினான். மழை வந்தது, போனது. மலையிலிருந்து போன் இல்லை. வேலை சுத்தமாக இருந்தால் போன் எப்படி வரும்? செய்த வேலை கெட்டுப்போகாதா என்று ஏங்கிய மெக்கானிக் அந்தத் தெருவிலேயே அவன் ஒருவன்தான்.

மார்கழிக் குளிரில் ஒரு நாள் போன் வந்தது. ரஜியாவுக்கு ஒரு பக்கத்துப் பேச்சுதான் கேட்டது. "அப்டிங்களா... எழுந்திருக்கவே இல்லீங்களா... இதோ வர்றங்க." இஸ்திரிக்காரரிடம் அவன் ஓடினதையும் பார்த்தாள்.

பஸ்ஸில் போகும்போது அவனுக்குச் சந்தோஷம் பாதி, அவமானம் பாதி. எங்கே தப்பு விட்டோம் என்று வெள்ளிமலை வரை யோசித்தான். விடை கிடைக்கவில்லை. லாட்ஜுக்குள் நுழைந்தபோது மணிமொழி சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்தாள். முந்தாநாளிலிருந்து பெட்டிக்கு உயிரே இல்லை என்றாள். என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாளாம். அவ்வளவு வேகமாக அவள் பேசி அவன் கேட்டதில்லை.

மாடிப்படிக்குக் கீழே பெட்டி இருந்தது. பெட்டிமேல் சாம்பல் பூனை, சுருண்டு, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தது.

சிவசங்கர் குனிந்து பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தான். தோசைக்கல்லை இறக்கிவைத்த இடம் போலச் சுட்டது. வைத்த கையை எடுக்கவில்லை. பெட்டி சொன்ன இந்த ஒரு வரியைப் படித்துப் புரிந்துகொள்ள அவனுக்குத் திரை தேவைப்படவில்லை.

"பூனை நல்லாத் தூங்குதுங்க," என்றான்.

"அது எங்க வேணா தூங்கும்."

"சூடு இல்லாத எடத்துல தூங்காதுன்னு நீங்கதானங்க சொன்னீங்க."

மணிமொழி பூனையைப் பார்த்தாள். துரோகி என்று ஒரு பார்வை. பிறகு சால்வை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு நீங்க சரி பண்ணாமயே போயிருக்கலாம்," என்றாள்.

"தோணிச்சுங்க. ஆனா வாசல்ல அந்த ஆளு நின்னுக்கினு இருந்தாரு."

"பாத்தேன். நீங்க ரொம்ப நேரம் அந்தக் கீபோர்டையே பாத்துக்கினு இருந்ததையும் பாத்தேன்."

சிவசங்கர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், அந்தக் குளிரில்.

"அடுத்த தடவ வரும்போது எங்க அக்காவக் கூட்டிக்கினு வரட்டுங்களா?"

"எதுக்கு?"

"பொட்டியப் பாக்கத்தாங்க."

"உங்க அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப கூட்டிக்கினு வாங்க," என்று சொல்லிவிட்டு மணிமொழி தோசை ஊற்ற உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியநாயகி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மலையேறினாள். யாரும் கூப்பிடாமலே ரஜியாவும் கடையைச் சாத்திவிட்டு ஏறினாள். இவ்வளவு தூரம் காது கொடுத்துக் கேட்ட கதையின் முடிவை மட்டும் அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்ள அவளால் முடியுமா? மணிமொழியின் அண்ணனும் வந்திருந்தார். பெட்டியைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட அதன் பக்கம் திரும்பவில்லை. பஜ்ஜி வந்தது. இந்த முறை சிவசங்கர் அதைத் தொடவில்லை, பேசிக்கொண்டிருந்தான். ஆறிப்போவதற்குள் ரஜியாதான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.