எங்க பிள்ளை நீ?

கோல்ஃப் அண்ணன் என் மணிக்கட்டில் அந்த ரோஸ் நிறப் பட்டையை மாட்டிவிட்டபோது நான் கைகூப்பி நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பாங்காக்கில், அசோக் ரயில் நிலையத்துப் படிக்கட்டின் அடியில், சாயங்கால நெரிசலில் நின்றிருந்தோம். ஆஸ்திரேலியக்காரர்கள், கொரியக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர். அவர்கள் எல்லோருக்கும் பச்சைப் பட்டை. காசு வாங்கிக்கொண்டு அவர்களை நாலு கிளப்புகளுக்கு வரிசையாக அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் கோல்ஃபின் தொழில். வாழ்நாளில் கோல்ஃப் மட்டையைத் தொட்டிருக்க மாட்டான். அவன் அப்பாவும் தொட்டிருக்க மாட்டார். வீட்டில் வைத்த பேர், அவ்வளவுதான்.

நான் சுற்றிப் பார்க்க வந்தவள் இல்லை. வேலைக்கு வந்தவள். ‘இரவுச் சுற்றுலா வழிகாட்டி. பட்டதாரிப் பெண்கள் மட்டும். ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும்’ என்று விளம்பரம். போன் செய்தால், “ஒரு நாள் குழுவோட சேர்ந்து சுத்திப் பாரும்மா. உனக்குப் பிடிச்சு, எங்களுக்கும் பிடிச்சா வேலை” என்றார்கள். பட்டம் வாங்கி எட்டு மாதமாகச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். எங்கள் ஊரான கோன்கேனில் மீன்வலை பின்னும் ஆலையில் அம்மாவின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதைத் திங்கட்கிழமை வரைக்கும்தான் எனக்காக வைத்திருப்பேன் என்று மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டாள். ஒன்று இந்த வேலை, இல்லையென்றால் வலை. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியை மிதித்தவள் நான் ஒருத்திதான். கறுப்பு அங்கியோடு நான் நிற்கும் பட்டமளிப்புப் படம் வீட்டில் டி.வி.க்கும் மேலே தொங்குகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து சோற்றைத் தின்றுவிட்டு அம்மாவோடு வலை பின்னப் போக எனக்கு மனசில்லை.

படிக்கட்டடியில் நான் யார் என்று சொல்வதற்குள் கோல்ஃப் முந்திக்கொண்டான்.

“எங்க பிள்ளை நீ?”

முதுகை நிமிர்த்திச் சொன்னேன். “தபேக் பிள்ளை, அண்ணே.”

இந்த ஊரில் முப்பது வயதுக்குக் கீழே யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான். எந்தக் கல்லூரி என்று அர்த்தம். எங்கள் பல்கலைக்கழக வாசலில் ஊதாப் பூ பூக்கிற தபேக் மரங்கள் வரிசையாக நிற்கும். அதனால் நாங்கள் தபேக் பிள்ளைகள். அந்தப் பேரைச் சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் உயரும். அதே கேள்விக்கு அந்தத் தெருவில் வேறு அர்த்தம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. எந்த பார்க்காரியின் பிள்ளை நீ?

“ஓ, தபேக்கா! சரி சரி” என்றான். ரோஸ் பட்டையை மாட்டினான். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா மந்திரித்துக் கட்டிவிட்ட வெள்ளை நூலுக்கு மேலேயே இறுக்கினான். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு ரோஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நன்றி சொன்னது அப்போதுதான்.

முதல் கிளப் மொட்டைமாடியில். என்னைத் தவிர இன்னொருத்தியும் ரோஸ் பட்டை கட்டியிருந்தாள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவளாக இருக்கலாம். குதிகால் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு எங்கள் ஊர்ப் பேச்சில் ஆரம்பித்தாள்.

“ஏ புள்ள, புதுசா? ஒன் மூஞ்சியப் பாத்தாலே நம்ம ஊரு ஒட்டரிசி வாசம் அடிக்குதே.”

“கோன்கேன் பக்கம்க்கா.”

“நெனச்சேன். எம்பேரு ருங். என்ன இப்புடி வெறைச்சுப் போயி ஒக்காந்திருக்க? பரீச்சைக்கா வந்திருக்க?”

“பரீச்சை மாதிரிதான்க்கா. இன்னிக்கு டிரெய்னிங்.”

ருங் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். “டிரெய்னிங்கா! ஆமாமா. நல்ல டிரெய்னிங்குதான்.”

டாரல் என்று ஒரு ஆஸ்திரேலியக்காரர் எங்கள் மேசைக்கு வந்தார். பெரிய உடம்பு, வழுக்கைத் தலை, நிமிடத்துக்கு ஒருதரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மரியாதையான ஆள். எனக்குக் குடிக்க ஏதாவது வாங்கித் தரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். விரல் உயரக் கோப்பையில் வெறும் கோலா வந்தது. கொண்டுவந்த பெண் என் முன்னால் இருந்த குவளையில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டாள். அடுத்த கோலா வந்தது, அடுத்த வளையம் விழுந்தது. கடைசியில் குலுக்கல் நடத்துவார்கள் போல என்று நினைத்து அவளிடமே கேட்டேன்.

“முதல் பரிசு என்னக்கா?”

அவள் தட்டை அணைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் இரண்டு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாரல் என்ன படித்தாய் என்று கேட்டார். புள்ளியியல் என்றேன். சும்மா விட்டேனா? மழைக்கும் நெல் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நான் எழுதிய ஆய்வை இரண்டு கிளப் நீளத்துக்கு விளக்கினேன். மேசை ஈரத்தில் விரலால் வரைபடம் போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். எங்கோ ஒரு மூலையிலிருந்து கோல்ஃப் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான், என் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் போடுவான் என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

மூன்றாவது கிளப்பில் பாட்டுச் சத்தம் காதைக் கிழித்தது. டாரல் என் காதருகே குனிந்தார்.

“நீ ரொம்ப நல்லா பண்றம்மா. உன்கூட இருந்த அந்தப் பொண்ணு, போன வருஷம் நான் வந்தப்ப கணக்கியல் படிச்சேன்னு சொன்னா, அதோட நிறுத்திக்கிட்டா. நீ மழைக் கணக்கு வரைக்கும் போயிட்ட. இதெல்லாம் கோல்ஃப் சொல்லிக் குடுக்கிறானா?”

“எதைச் சொல்லிக் குடுக்கிறான்?”

“இந்தக் காலேஜ் கதையை. எங்க எல்லாருக்கும் அது பிடிக்கும், தப்பா எடுத்துக்காதே.” கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நாலாவது கிளப் வேணாமே. என் ஹோட்டல் பக்கத்துலதான். காலைல வண்டி வெச்சு அனுப்பிடறேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. அவர் உதடு அசைந்ததும், சொற்கள் காதில் விழுந்ததும், அவை என்னைப் பற்றியவை என்று தெரிந்ததும் தனித்தனியாக நடந்தன. அப்புறம்தான் சுற்றிப் பார்த்தேன். மேசைக்கு மேசை பச்சைக் கைகள். வெள்ளைக்காரப் பெண்களின் கைகளும் பச்சை. ரோஸ் இரண்டே கைகளில். ருங் அக்காவின் தோளில் ஒருவன் கை போட்டிருந்தான். என் குவளையில் வளையங்கள் குவிந்து கிடந்தன.

காது அடைத்துவிட்டது. அவ்வளவு சத்தமான பாட்டின் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. கால் மட்டும் எழுந்து நடந்தது.

கழிப்பறைக்குப் போகும் நடைவழியில் கோல்ஃபைப் பிடித்தேன். பட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“என்னடா இது?”

“தங்கச்சி, மெதுவா.”

“மெதுவாவா? நான் இன்டர்வியூவுக்கு வந்தவடா! ஆபீஸ்ல கேளு! கேத்னு என் பேர் சொல்லிக் கேளு! யாருன்னு நெனச்சு இதைக் கட்டின?”

தலையில் கை வைத்துக்கொண்டான். “அய்யய்யோ! நீ தபேக்னு சொன்னியேம்மா! பின்சந்துல தபேக்னு ஒரு பார் இருக்கு. அங்கேருந்து அனுப்பின பிள்ளைன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்க தாயி.” நெற்றி வரை கைகூப்பினான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. “தெருமுனை சாமி மேல சத்தியம். டாரல்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத.”

ஒரே பேரில் பார் ஒன்று இருந்தால் அவன் மேல் என்ன தப்பு? பாதி நம்பிவிட்டேன். நம்பத்தான் ஆசையாக இருந்தது. ஏனென்றால் அடுத்ததாக அவன் சொன்னான்:

“ஆனா ஒண்ணு, கலக்கிட்ட. அந்த ஆள் ரெண்டு வருஷமா வர்றாரு, யார்கூடவும் இவ்வளவு நேரம் பேசினதில்ல. வேலை உனக்குத்தான் தங்கச்சி. நாளைக்கே வந்துடு. நாளைக்கு இன்னொரு பட்டதாரிப் பிள்ளை வருது. அதுக்கு நீதான் எல்லாம் காட்டிக் குடுக்கணும்.”

வேலை உனக்குத்தான். எட்டு மாதமாக நான் காத்துக் கிடந்த வாக்கியம். அதைக் கழிப்பறை வாசலில் கேட்டேன்.

வெளியே வந்து பட்டையைப் பிய்த்தேன். வரவில்லை. பல்லால் இழுத்தேன். அது எப்படிப்பட்ட பிளாஸ்டிக்கோ, இழுக்க இழுக்கக் கையில் பதிந்ததே தவிர அறுபடவில்லை. பின்னாலேயே ருங் அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பக்கத்தில் கணவாய் மீன் சுடுகிற வண்டிக்காரியிடம் கத்திரிக்கோலை வாங்கினாள். அது கணவாய் வெட்டி வெட்டி மசாலாவும் எண்ணெயுமாக இருந்தது.

“ஆட்டாத. நூலு அந்துரும்.”

மந்திரித்த நூலை வெட்டக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். பட்டைக்கும் நூலுக்கும் நடுவில் தன் விரலை நுழைத்துக் கொடுத்து, அதன் மேல் கத்திரியை ஓட்டினாள். பட்டை அறுந்து விழுந்தது. அவள் விரலில் கீறல்.

“தெரியாம கட்டிட்டானாம்க்கா. பின்சந்துல தபேக்னு ஒரு பார் இருக்காம்.”

ருங் அக்கா விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அப்புடி ஒரு பாரும் இல்ல புள்ள. இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத கதவு கெடையாது. நீ எந்தக் காலேசு பேரச் சொன்னாலும் அந்தப் பேருல பின்சந்துல ஒரு பாரு மொளச்சிரும்.”

“என்னக்கா சொல்றீங்க?”

“கத்துறவளுக்கு மன்னிப்பும் வேலையும். கத்தாதவளுக்கு வேல மட்டும். ரெண்டும் ஒரே வேலதான். ‘வழிகாட்டி’ன்னு கழுத்துல அட்ட தொங்கும், கையில இந்த ரோசு இருக்கும். வர்றவன் ஒனக்கு வாங்கித் தர்ற ஒவ்வொரு கோலாவுக்கும் ஒரு வளையம் விழும், அத எண்ணித்தான் காசு பிரிப்பாக. வெளம்பரத்துல பட்டதாரின்னு போடுறது எதுக்குங்கிற? வர்றவனுக்கு காலேசுப் புள்ளன்னு சொல்லி விக்கத்தான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நம்ம கேன்டீன்ல முட்டச்சோறு போடுற கெழவி இன்னமும் ‘சில்லறை இல்லாம எதுக்குடி வர்றீங்க’ன்னு திட்டுதா?”

நான் அங்கேயே, கணவாய் வண்டியின் புகையில், நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் தபேக் பிள்ளை. கணக்கியல். டாரலிடம் அவள் சொன்னது கதையே இல்லை.

“மொதல்லயே ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“போன மாசம் ஒருத்திகிட்ட சொன்னேன். ஒனக்குப் பொறாமைன்னுட்டுப் போயிட்டா. இப்ப வேற குழுவுல இருக்கா.”

“நீங்க எதுக்கு இன்னும்...”

“எங்க வீட்டுச் செவத்துலயும் போட்டோ தொங்குது புள்ள. பேங்குல இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காக. அதக் கீழ எறக்குன்னு சொல்ல வாய் வரல.” கத்திரிக்கோலைத் துடைத்து வண்டிக்காரியிடம் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். “நாலாவது கிளப்புக்கு நேரமாச்சு. நீ போயிரு.”

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்து திங்கட்கிழமை ஆலைக்கு வருகிறேன் என்றேன். “வேலை கெடச்சிருச்சுன்னு பக்கத்து வீட்ல சொல்லிப்புட்டேனேடி” என்றாள்.

“கிடைச்சுது. வேணாம்னுட்டேன்.”

“வேணாம்னுட்டியா? அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா?”

சாயங்காலம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினேன். ரயில் அசோக்கில் நின்றது. நான் இறங்க வேண்டிய இடம் இல்லை. இறங்கினேன்.

படிக்கட்டின் அடியில், கோல்ஃப் சொன்ன அந்தப் புதுப் பட்டதாரிப் பிள்ளை நின்றிருந்தாள். சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மணிக்கட்டில் வெள்ளை நூல். இஸ்திரி போட்ட சட்டை. நான் ஓடிப் போய் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ரோஸ், வளையம், கோலா, இல்லாத பார் எல்லாவற்றையும். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

“அக்கா, உங்களுக்கு வேலை கிடைக்கலையா?” என்றாள் பாவமாக.

அதற்குள் பட்டைக் கட்டோடு கோல்ஃப் வந்துவிட்டான். ருங் அக்கா அவன் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள்.

“எங்க பிள்ளை நீ?” என்று அவன் கேட்டான். அந்தப் பெண் நிமிர்ந்து தன் கல்லூரிப் பேரைச் சொன்னாள். கையை நீட்டினாள். ரோஸ் ஏறியது. கைகூப்பி நன்றி சொன்னாள்.

நான் பேருந்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னேன். “ஒரு டிக்கெட். விருந்தாளி.”

கோல்ஃபின் சிரிப்பு அப்படியே உறைந்தது. “தங்கச்சி, என்ன வெளையாட்டு இது?” என்றான் எங்கள் மொழியில், உதடு அசையாமல்.

“ஆங்கிலத்துல பேசுங்க அண்ணே. வந்தவங்களுக்கும் புரியட்டும்.”

வரிசையில் நின்றிருந்த வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வேறு வழி இல்லை. பச்சைப் பட்டையை எடுத்துக் கட்டினான். நூல் நசுங்காமல் நானே விரலை நுழைத்துக் கொடுத்தேன்.

குழு நகர்ந்தது. நான் அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடந்தேன். முதல் கிளப்பின் மாடிப்படி ஏறும்போது அவள் என் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

“அக்கா, உங்களுக்கு மட்டும் ஏன் பச்சை?”

“சொல்றேன். உனக்கு வரப்போற முதல் கோப்பையில என்ன இருக்குன்னு குடிச்சுப் பாரு. அப்புறம் குவளையில என்ன விழுதுன்னு பாரு.”