ஏழாவது தட்டு

ஒத்திகையில் ஆட்டக்காரர்கள் மூன்றாவது முறையாக ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டதும், இசைக்குழுவை நடத்துகிறவர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டார். ஐந்தாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த இசையமைப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். அவரோடு சேர்ந்து அறுபது வாத்தியக்காரர்களும் திரும்பினார்கள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் யாருக்குத்தான் வியர்க்காது?

மோதிக்கொண்ட எட்டுப் பேரும் இசையமைப்பாளர் பிறந்த துறைமுக ஊர்க்காரர்கள். பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்தவர்கள். ஒருவர் பஸ் ஓட்டுகிறார், ஒருவர் தையல்காரர், இரண்டு பேர் நர்ஸ்கள். அவர்களுக்குத் தலைவி, பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்கும் ஒரு அம்மாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடி, ஊரில் ஆடிய வரிசை ஆட்டத்தை ஆடுவார்கள். பக்கம் பக்கமாக நின்று ஐந்து அடி வலதுபுறம் போக வேண்டும், ஆறாவதில் இடது காலைக் குறுக்கே போட்டுத் திரும்ப வேண்டும். ஆறு தட்டு, அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து. நாலு வயதுக் குழந்தைக்கும் வரும்.

ஆனால் இசையமைப்பாளரின் இசையில் ஏழு தட்டு. ஆறு தட்டு முடிந்ததும் அறுபது வாத்தியங்களும் கப்பென்று வாயை மூடிக்கொள்ளும். ஒரு தட்டு நேரம் ஹாலில் ஒன்றுமே இருக்காது. பிறகு மறுபடி ஒன்று. முப்பது வருடமாக அவர் எழுதிய எல்லாவற்றிலும் இந்த வெறும் தட்டு எங்கேயாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். வாத்தியக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ‘ஏழரை’ என்றார்கள். அந்த அரை அவர்களுடைய தாராளம். ஒரு ஆராய்ச்சி மாணவி அதைப் பற்றி நானூறு பக்கம் எழுதிப் பட்டமே வாங்கிவிட்டாள். கரையை விட்டுப் போகிற ஒரு ஜனக்கூட்டத்தின் பெருமூச்சு அது என்று முடித்திருந்தாள். இசையமைப்பாளரும் அதைப் படித்து, இருக்கும் இருக்கும் என்று தலையாட்டியவர்தான்.

ஆட்டத் தலைவி மேடை ஓரத்துக்கு வந்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

“சார், ஆறு முடிஞ்சதும் எதுக்கு நிக்கறோம்? நம்ம ஊர்ல யாரும் நிக்க மாட்டாங்களே.”

நிற்பார்கள் என்றார் அவர். தான் கண்ணால் பார்த்தது என்றார். சொன்னால் புரியாது என்று மேடையேறி, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அறுபத்துமூன்று வயதில் தானே ஆடிக் காட்டினார். ஐந்து அடி, குறுக்கே ஒரு அடி, அப்புறம் நின்று, காலை மெல்ல இழுத்துச் சேர்த்து, மறுபடி ஒன்று. இரண்டு சுற்று ஆடினார். எட்டுப் பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல் கால்களையே பார்த்தார்கள்.

“இதை யார்கிட்ட பார்த்தீங்க?” என்றாள் தலைவி.

“அப்பாகிட்ட.”

“அப்பா வரிசைல எங்க நிப்பார்?”

“எப்பவும் கடைசில.”

தலைவி வரிசையின் கடைசிப் பக்கம் திரும்பினாள். அங்கே நின்ற பஸ் ஓட்டுகிறவர், ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற அகலமுமான மனிதர், சங்கடமாகச் சிரித்தார். “கடைசி இடம் அடி தவறுறவங்களுக்கு சார்,” என்றார். “நான் நிக்கற இடம்.”

நடத்துகிறவர் சின்ன வயசுக்காரர், ஆனால் காரியக்காரர். சுற்றி வளைக்காமல் சொன்னார். இரண்டு வழிதான் இருக்கிறது. ஏழாவது தட்டை எடுத்துவிட்டால் இவர்கள் அழகாக ஆடிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஆட்டம் வேண்டாம், இசை மட்டும் போதும். எதுவானாலும் நாளைக் காலை பத்து மணிக்குள் தெரிய வேண்டும், நாளை மறுநாள் கச்சேரி.

இசையமைப்பாளர் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சட்டைப் பொத்தான் ஒன்று ஆட்டத்தில் தெறித்துவிட்டது தெரிந்தது.

அவருடைய ஆசை ஒன்றும் பெரிய ஆசையில்லை. முப்பது வருடமாக அவருடைய இசையை ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். எழுந்து நின்று கை தட்டியிருக்கிறார்கள். பொன்னாடை, பூங்கொத்து, எல்லாம் ஆகிவிட்டது. ஆனால் அவர் ஊர்க்காரர் ஒருவர்கூட அதற்கு ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. ஒரே ஒரு தடவை அதைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இசை விழாக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த ஏற்பாட்டைச் செய்ய வைத்தார். இப்போது அந்த ஊர்க்காரர்களே வந்து, இது எங்கள் ஆட்டம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் இத்தனை நாள் அவர் எழுதியது யாருடைய ஆட்டத்தை?

வீடு மூன்றாவது மாடியில். ஒரு பியானோ, ஒரு கட்டில், சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி பழைய இசைத்தாள்களைச் சுமப்பதற்கென்றே இருந்தது. மனைவி இவரோடு குடும்பம் நடத்தியது ஏழு வருடம். போகும்போது, உங்களோடு பேசினால் பதில் வருவதற்குள் பால் பொங்கிவிடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலும் நியாயம் இருந்தது.

மத்தியான வெயில் சமையலறையில் விழுந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் அங்கே நின்று ஏழாவது தட்டு இல்லாமல் ஆடிப் பார்த்தார். ஆறு, உடனே ஒன்று. ஆறு, உடனே ஒன்று. கால் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆறாவதில் போய் நின்று, அப்பாவின் கால் மாதிரியே இழுத்துக்கொண்டு சேர்ந்தது. கீழ் வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இரண்டு இடி இடித்தாள். அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார்.

ஐந்து பிள்ளைகளில் மூத்தவள் அக்கா, கடைக்குட்டி இவர். நடுவில் இருந்த மூவரும் போய்விட்டார்கள். அக்கா மட்டும் ஊரிலேயே இருந்தாள். வருடத்துக்கு இரண்டு தடவை பேசுவார்கள். இது மூன்றாவது தடவை என்பதால் எடுத்த எடுப்பிலேயே, உடம்புக்கு என்ன என்று பதறினாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவளை ஆற்றிவிட்டு அவர் கேட்டார்.

“அக்கா, அப்பா காலுக்கு என்ன?”

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

“யாருடா சொன்னா?”

யாரும் சொல்லவில்லை என்றார். அக்கா டிவியை அணைத்தாள். பிறகு, அப்பா போயே இருபது வருஷம் ஆச்சு, இனிமேல் யார் அவரை வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சொன்னாள்.

இவர் பிறப்பதற்கு முந்தின வருடம் துறைமுகத்தில் கிரேன் கொக்கி வந்து அப்பாவின் இடது முட்டியில் அடித்தது. அதற்குப் பிறகு அந்த முட்டி முழுசாக மடங்கவில்லை. நேராக நடந்தால் ஒன்றும் தெரியாது. கால் விளங்காதவன் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும், ஐந்து பிள்ளைகளும் தெருவில் நிற்கும். ஆகவே வீட்டோடு அதை மூடி மறைத்தார்கள். கடைக்குட்டிக்கு ஓட்டை வாய் என்பதால் அவனுக்குச் சொல்லவே இல்லை. பிறகு சொல்ல மறந்துவிட்டார்கள். ஆட்டத்துக்குப் போகாமல் இருந்தாலும் சந்தேகம் வரும் என்று அப்பா போனார். வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். குறுக்கே போட்ட காலைத் திரும்பச் சேர்க்க அவருக்கு ஒரு தட்டு அதிகம் வேண்டும், பிடித்துக்கொள்ள ஒரு பிடியும் வேண்டும்.

“நீ என்ன நினைச்சே, அஞ்சு பிள்ளைல உன்னை மட்டும் எதுக்கு ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனார்னு?”

“செல்லம்னு நினைச்சேன்.”

“உயரம்டா,” என்றாள் அக்கா. “உன் தோள்தான் அவர் கைக்குச் சரியா இருந்துச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நகரத்தில் அவர் எத்தனையோ தனி அறைகளில் தனியாகப் படுத்திருக்கிறார். எல்லா அறையிலும் அவரிடம் ஒரு சொத்து இருந்தது: ஐந்து பேரில் அப்பா என்னைத்தான் கூட்டிப்போனார். வரிசை ஆறாவது தட்டில் திரும்பும்போது அப்பாவின் கை வந்து வலது தோளில் உட்காரும். பாரமான கை. அவர் அசையாமல் நிற்பார். வரிசை முன்னால் போய்விடும், அப்புறம் இரண்டு பேருமாக ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வார்கள். அந்த ஓட்டத்தையும் அவர் விடவில்லை. நாலு சுற்றுக்கு ஒருமுறை அவருடைய இசையில் வயலின்கள் திடீரென்று ஓடும். அதற்கும் அந்த மாணவி ஒரு அத்தியாயம் எழுதியிருந்தாள். கடைசியில் பார்த்தால் அவர் ஒரு ஊன்றுகோல். அவ்வளவுதானா என்று நெஞ்சு எரிந்தது.

பதினோரு வயதில் அவர் தென்னை மாதிரி வளர்ந்துவிட்டார். அந்த வருடத்தோடு அப்பா அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். இசைப் பள்ளியில் சேரப் போகிறேன் என்று சொன்ன கோபம் என்றுதான் ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

“நான் வளர்ந்ததும் யார் தோளைப் பிடிச்சார்?” என்று கேட்டார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

“எதிர் வீட்டுப் பையனைக் கூட்டிட்டுப் போங்கன்னு அம்மா அனுப்பினாங்க. ஒரே ஒரு தடவை போனார். பாதியிலயே திரும்பி வந்துட்டார்.” அக்காவின் குரலில் சிரிப்பு இல்லை. “அவனுக்கு நிக்கத் தெரியலை, நகர்ந்துடறான்னார். சின்னவனுக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்ல, அவனாவே நிப்பான்னார். அதோட சரி. அப்புறம் அப்பா ஆடவே இல்லைடா.”

பிறகு அக்கா, அத்தானின் சர்க்கரை மாத்திரையை டாக்டர் மாற்றியதைப் பற்றியும், மாடியில் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றியும் பேசினாள். அவர் உம் கொட்டினார். போனை வைத்துவிட்டு, இரண்டாவது நாற்காலியிலிருந்த தாள்களை எடுத்துத் தரையில் வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. காலியாகிவிட்ட அந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத வீட்டில், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மறுநாள் பத்து மணிக்கு முன்பே ஹாலுக்குப் போய்விட்டார். நடத்துகிறவரிடம், ஏழாவது தட்டும் இருக்கும், ஆட்டமும் இருக்கும் என்றார். நடத்துகிறவர் வாயைத் திறப்பதற்குள் மேடையேறி ஆட்டக்காரர்களிடம் போனார். ஆறாவதில் காலைக் குறுக்கே போட்டதும் இடது பக்கம் நிற்கிறவர் தோளில் கை வைக்கச் சொன்னார். வைத்து, காலை மெதுவாகச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் கையை எடுக்க வேண்டும். தோள் கொடுக்கிறவர் அந்த ஒரு தட்டு அசையக் கூடாது.

“ஊர்ல இப்படி யார் ஆடினா?” என்றாள் தலைவி.

“ஒருத்தர்தான் ஆடினார். அவருக்கு முட்டி மடங்காது.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வரிசையைச் சரிசெய்தாள். மேளம் மட்டும் வைத்து ஆடிப் பார்த்தார்கள். முதல் சுற்றில் தையல்காரர் கை தவறி நர்ஸின் காதில் பட்டது. இரண்டாவது சுற்றில் யாரும் மோதவில்லை. மூன்றாவதில் ஏழு கைகள் ஒன்றாக இறங்கின. வாத்தியக்காரர்களில் யாரோ மெல்ல விசிலடித்தார்கள்.

கடைசியில் நின்ற பஸ்காரர் மட்டும் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு தள்ளாடினார். அவருக்கு இடது பக்கம் யாரும் இல்லை. எட்டுப் பேர் இருந்தால் எட்டாவது ஆளுக்குத் தோள் கிடையாது. இந்தக் கணக்கை யாரும் யோசிக்கவில்லை.

இசையமைப்பாளர் கோட்டைக் கழற்றினார். போய் பஸ்காரருக்கு இடது பக்கம் நின்றார். அவரும் உயரமானவர்தான், தோள் கையை ஊன்ற முடியாத உயரத்தில் இருந்தது. முட்டி இரண்டையும் மடக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, தோள் அந்தக் கைக்கு வாகாக வரும் வரைக்கும் தணிந்து நின்றார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

இந்த முறை அறுபது வாத்தியங்களும் எழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் எண்ணவில்லை, அவருக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. ஆறாவதில் எல்லாம் அடங்கியது. பஸ்காரரின் கை வந்து வலது தோளில், பட்டும் படாமலும், பெரியவர் என்ற மரியாதையோடு உட்கார்ந்தது.

“இன்னும் பாரம் போடுங்க,” என்றார் இசையமைப்பாளர்.

“தாங்குவீங்களா சார்?”

“தாங்குவேன். போடுங்க.”

அடுத்த ஆறு தட்டு முடிந்ததும் அந்தப் பெரிய கை முழுப் பாரத்தோடு இறங்கியது. அவர் அசையாமல் நின்றார்.