முப்பதாவது கோடு

மணி மூன்று நாற்பது. தண்ணீர் இன்னும் வரவில்லை.

மலையடிவாரத்துச் சின்ன நீர்த்தேக்கத்தில் மதகைத் திறந்தது காலை ஐந்துக்கு. பாலத்தடிக்கு வர பத்து மணி நேரம் என்று பொறியாளர் கணக்குப் போட்டிருந்தாள். ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. பாலத்துத் தூணில் அளவுகோல், வெள்ளையில் கறுப்புக் கோடுகள். எதிரே, ஆற்றின் நடுவில் மடக்கு நாற்காலி போட்டு அவளுடைய அக்கா.

"உன் ஆறும் உன்னை மாதிரிதான்டி. சொன்ன நேரத்துக்கு வராது."

கோடையிலும் ஆறு ஓட மூன்று வழிகளைத் துறை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றிலேயே விடலாம். அது வெதுவெதுப்பாக வரும், மீன் தாங்காது என்று கைவிட்டார்கள். மிஞ்சியவை இரண்டு. இந்தச் சின்ன நீர்த்தேக்கம். அது போதாவிட்டால், பெரிய அணையின் சுவரை நான்கு மீட்டர் உயர்த்துவது. உயர்த்தினால் அணையோரத்து மேல்தெரு மூழ்கும். மேல்தெருவின் கடைசி வீடு அக்காவுடையது.

ஆறு மணிக்குள் தண்ணீர் முப்பது சென்டிமீட்டரைத் தொட வேண்டும். அப்போதுதான் ஆற்றுப்போக்கில் சற்றுக் கீழே குறுக்கே கிடக்கும் பாறையைத் தாண்டும். அதற்கப்பால் தனித்தனியாக நிற்கும் குட்டைகள் ஒன்றுசேரும். அக்காவுக்கு எல்லாம் தெரியும். வர வேண்டாம் என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கேன், உன் ஆத்து மேல கண்ணு வைக்க மாட்டேன் என்று அக்கா வந்துவிட்டாள்.

முதலில் வாசனை வந்தது. பிறகு எறும்புகள், முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறின. பிறகு வளைவில் மணல் நிறம் மாறியது. சத்தமே இல்லை. நுனியில் சருகும் நுரையுமாக ஒரு ஈரம், வழி கேட்டு வருவதுபோல் நின்று நின்று வந்தது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனது. அக்கா எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கால்களை அப்படியே விட்டாள்.

வெயில் தண்ணீரில் பட்டுப் பாலத்தின் அடிவயிற்றில் அசைந்தது. கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தால் தண்ணீர் நின்றுவிட்டதுபோல் இருந்தது. பாலமும் அக்காவும் நாற்காலியும்தான் மெதுவாகத் தண்ணீர் வந்த திசைக்குப் போய்க்கொண்டிருப்பதுபோல் தோன்றியது.

பத்து. பதினெட்டு. இருபத்துநான்கு. ஐந்தரைக்கு இருபத்தேழு.

அதன்பின் ஏறவில்லை.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா தண்ணீரை அளைந்துகொண்டு தூணருகே வந்தாள். குனிந்து பார்த்தாள். அலை எழும்போது முப்பதைத் தொடுகிறதே என்று விரலால் காட்டினாள்.

தொட்டது உண்மைதான். தாழும்போது இருபத்துநான்கு. உச்சியையும் தாழ்வையும் பார்த்து நடுவை எடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றது. அலையின் உச்சியை எழுதினாலும் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

தங்கை ஆற்றின் கீழ்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாறையின் முதுகு காய்ந்திருந்தது. அதற்கப்பால் குட்டையில் மீன்கள் வாயை மேலே தூக்கி நின்றன.

மணி ஆறு. இருபத்தேழு என்று எழுதினாள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போய் நாற்காலியை மடக்கினாள். ஆனால் கரையேறவில்லை. தண்ணீரிலேயே நின்றுகொண்டு கால்களைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு மாடியில நின்னா, இதே அளவு நனையுமா?"