கைப்பழக்கம்

பட்டாளத்துக்குப் போய் வந்தவனுக்கு மரியாதை உண்டு என்பார்கள். உண்டுதான். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் முதலில் தளம் போட்ட வீடு என்னுடையது. மகள் கான்வென்டில் படித்தாள். லோகநாதன் என்ற பெயரை மறந்து, தெருவே என்னை மிலிட்டரி சார் என்றது. கேன்டீனில் ரம் வாங்கி வரும் வாரத்தில் எனக்கு இத்தனை சொந்தக்காரர்களா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

தொண்ணூறில் பென்ஷனோடு திரும்பியபோது நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். இனி துப்பாக்கியைத் தொடக் கூடாது. கேம்ப் ரோட்டில் சைக்கிள் கடை வைத்து, கிரீஸ் படிந்த கையோடு சாக வேண்டும். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. இலங்கையில் செக்போஸ்டில் என்னோடு நின்ற ஜவான்களுக்குத் தமிழ் தெரியாது. ஜனங்கள் கெஞ்சியது அவர்களுக்கு வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

என் மனைவி கிளியம்மாளின் தம்பி ஏகநாதன் சும்மா இருக்கிற ஆளா? தாம்பரத்தில் ஒரு பேங்கில், முன்னாள் ராணுவத்தினர் கோட்டாவில், காவலாளி வேலை இருப்பதை மோப்பம் பிடித்து வந்தான்.

"அவனவன் இதுக்குத் தவம் கெடக்குறான் மாமா. எழுந்து கெளம்பு."

"வேணாம் மச்சான். நான் கடை வெச்சிக்கறேன்."

கிளியம்மாள் இரண்டு நாளாகத் தட்டை நகர்த்தி வைப்பதோடு சரி. இன்டர்வியூவுக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தால் யாரும் குறை சொல்ல முடியாதே என்று கிளம்பினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டுதான் போனேன்.

மேனேஜர் கேட்டதற்கெல்லாம் கோணலாகப் பதில் சொன்னேன். கண் சரியில்லை என்றேன். முழங்கால் வலி, நிற்க முடியாது என்றேன். மனிதர் சலித்துப்போய், போகலாம் என்று தலையாட்டினார். தப்பித்தேன் என்று எழுந்தேன். அப்போது மூலையில் சாய்த்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"போறப்போ இதை அந்த பீரோவில வச்சிடுங்க."

குழல் அவர் வயிற்றைப் பார்த்தபடி இருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. கைதான் எல்லாம் செய்தது. குழலைத் தரைப்பக்கம் திருப்பி, மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, மூடி, விறைப்பாக நின்றேன். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை.

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இப்படிப்பட்ட ஆளைத்தான் சார் தேடிட்டு இருந்தோம். திங்கட்கிழமை வந்துடுங்க."

அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வீட்டில் கிளியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். "இத்தினி வருசம் தந்திக்காரன் பெல்லு அடிச்சாலே எனக்கு உசுரு போயி உசுரு வரும். இனிமே காலீல போனா சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவீங்க இல்ல?"

அவள் பட்டதும் பொய்யில்லை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவளே பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள்.

"பட்டாளத்துல மாரி பாதில அனுப்ப மாட்டாங்களாம். தம்பி விசாரிச்சிட்டான். அறுவது வயசு வரைக்கும் வேலை நிச்சயமாம்."

எனக்கு அப்போது முப்பத்தாறு.