மெட்ராஸ் ஐ

எழுபத்தொன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் கல்கத்தா முழுக்கக் கண் சிவந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை. அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுடைய கோஷம் 'ஜொய் பாங்ளா', வங்காளம் வெல்க என்று. ஊர்க்காரர்கள் அதையே கண்நோய்க்குப் பேராக வைத்துவிட்டார்கள். "என்ன அண்ணா, ஜொய் பாங்ளாவா?" என்று டிராமில் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நான் காளிகாட் பக்கம் ஒரு பஸ்தியில் இருந்தேன். ஓட்டுக் குடிசைகளும் ஒரே ஒரு குழாயும். அந்தச் சந்தில் கோவில்பட்டிக்காரி அன்னக்கிளி இட்லி விற்றாள். அவள் புருஷன் பெத்துராஜ் வேலை பார்த்த ஹௌரா பட்டறை பூட்டிக் கிடந்தது. இட்லியில்தான் வீடு ஓடியது. எனக்குத் தமிழில் பேச அந்தப் பஸ்தியில் அவர்களை விட்டால் ஆள் இல்லை. பசி இல்லாத நாளிலும் போய் உட்காருவேன்.

அவளுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் பொரி விற்றவள் தமயந்தி. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் கண் நன்றாகத்தான் இருந்தது, பேச்சுதான் காட்டிக்கொடுத்தது. டீக்கடை நிதாய், "சீக்கைக் கட்டிக்கிட்டு வந்தவ" என்று சொல்லிவிட்டான். வாங்க ஆளில்லாமல் பொரி நமுத்துப் போனது. ஒருநாள் காலையில் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்னக்கிளிக்குப் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காள மொழியில், சந்துக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்:

"இவ ஊரு சீக்குன்னு யாருய்யா சொன்னது? நான் பாவாடை கட்டின காலத்துலயே இது எங்க ஊர்ல இருக்கு. அதுக்குப் பேரே மெட்ராஸ் ஐ!"

தமயந்தி அழுகையை நிறுத்தினாள். நிதாய் கெட்டிலைக் கீழே வைத்தான்.

"என்னது? மெட்ராஸா?"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பஸ்தி முழுக்கப் பேச்சு. சீக்கைக் கொண்டுவந்தது மெட்ராஸிகளாம், அவர்கள் வாயாலேயே ஒத்துக்கொண்டார்களாம். மறுநாள் சட்டி நிறைய இட்லி இருந்தது. சாப்பிட நான் ஒருத்தன். பக்கத்துச் சாக்கில் பொரி மட்டும் மறுபடி விற்றது.

"மெட்ராஸை நான் பாத்ததே வண்டி மாறும்போதுதாண்ணே. சென்ட்ரல்ல ஒரு டீ குடிச்சேன். அதுக்கா இந்தப் பாடு?" என்றாள் அன்னக்கிளி.

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"இருந்தா இவ அழுதுக்கிட்டே இருப்பாளே."

மாவு புளித்தது. தோசையாக ஊற்றி எங்களுக்கும் தமயந்திக்கும் போட்டாள். "நல்லா இருக்கு தீதி," என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள் தமயந்தி. "நீ சொல்லி என்ன, வாங்குறவன் சொல்லணும்லா," என்றாள் இவள். பெத்துராஜ் ஊருக்கே போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தான். அவள் அரிசியைக் குறைத்து ஊறப்போட்டாள்.

இதற்குள் நோய் சந்துக்குள் நுழைந்துவிட்டது. ரிக்‌ஷாக்காரர்களின் கண்ணைப் பார்த்துவிட்டு யாரும் வண்டியில் ஏறவில்லை. லேக் கார்டன்ஸ் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போன பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பஸ்தியே வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தது. ஆனால் எந்த வீட்டிலும் சமையல் இல்லை. கரி அடுப்பைப் பற்றவைக்கும்போது வரும் புகை நல்ல கண்ணையே எரிக்கும். சிவந்த கண்ணோடு யார் போய் அதன் முன்னால் உட்காருவார்கள்? நிதாயின் டீ அடுப்பும் அணைந்தது.

முதலில் வந்தது அவன் பெண்டாட்டிதான். கண்ணை இடுக்கிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வந்தாள்.

"நாலு இட்லி கொடு. அவர் கேட்டா பொரின்னு சொல்லிக்கிறேன்."

"சொல்லு. ரெண்டும் வெள்ளைதானே," என்றாள் அன்னக்கிளி.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அன்னக்கிளி அதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டாள். இலையில் இட்லியை வைத்துவிட்டு எட்டப் போய்விடுவாள். காசை வெந்நீர்ச் செம்பில் போடச் சொல்வாள். வேலை போனதால் கையில் காசு இல்லாத பெண்கள், வீட்டில் சும்மா கிடந்த கரியைக் கூடையில் கொண்டுவந்து கொட்டினார்கள். "நம்ம அடுப்பு எல்லாம் ஒரே அடுப்பாப் போச்சு," என்று ஒருத்தி சிரித்தாள். கரி வாங்குகிற செலவே நின்றுபோனது. பெத்துராஜ் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு மாவாட்ட ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தான்.

ஒருநாள் நிதாயே வந்தான். இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம்.

"ரெண்டு பொரி கொடு," என்றான்.

"சட்னி வேணுமா பொரிக்கு?"

"ஊத்து, ஊத்து. மானத்தை வாங்காதே."

கடைசியில் அன்னக்கிளிக்கும் வந்துவிட்டது. காலையில் இமை ஒட்டிக்கொண்டது. அடுப்பு அணைந்திருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். அடுப்பில் புகை வந்தது. தமயந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இட்லித் துணியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது சும்மா போகவில்லை.

அன்னக்கிளி குடிசைக்குள் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து தின்றேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"கொஞ்சம் கெட்டிதான்."

"மெதுவாச் சொல்லுங்க, அவ காதுல விழப்போகுது. எத்தனை பேரு நிக்காங்க?"

"குழாயடி வரைக்கும் நிக்கிறாங்க."

"அப்ப கெட்டியாவே இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு ஈரத் துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டாள்.