மணிக்கு முதுகு, கொம்புக்கு முகம்

வருஷத்தில் ஒரே ஒரு மதியம், மார்ச் மாதப் பெரிய வற்றத்தில், எங்கள் கடல் கால் மைல் பின்வாங்கும். அப்போது சார்ன் வெளியே வரும். கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் ஓடும் கல்வரம்பு அது. ஆள் உயரக் கல், ஆட்டுக்குட்டி அளவுக் கல், எல்லாம் கறுத்துப் பாசி பிடித்து, யாரோ அடுக்கி வைத்ததுபோல் கிடக்கும். பழங்காலத்துப் பனிப்பாளம் தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்களுக்கு அது மூழ்கிப்போன நாட்டின் மதில். பதினாறு ஊர்கள் இருந்த நாடு. மதகுக் காவலன் குடித்துவிட்டுத் தூங்கியபோது கடல் உள்ளே வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதுவரை பார்த்தாயிற்று. இன்றும் சார்ன் நீரை விட்டு எழும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன்.

அன்று ஊரார் ஆளுக்கு ஒரு பிடி வயல்மண்ணோடு அதன்மேல் நடந்து போய்க் கடைசிக் கல்லில் போட்டுவிட்டு வருவார்கள். மூழ்கிய நாட்டுக்கு மண் கொடுப்பது. கரையில் ஒரு காவலன் கொம்போடு நிற்பான். தண்ணீர் திரும்பும் நேரத்தில் மூன்று முறை நீளமாக ஊதுவான். அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கக் கூடாது. எல்லார் முன்னாலும் அவன் வாயை முகர்ந்து பார்த்த பிறகுதான் கொம்பு கைக்கு வரும். நடப்பவர்களுக்கும் ஒரு விதி உண்டு. சார்ன் மேல் மணி கேட்டால் அது மூழ்கிய கோயிலின் மணி, உள்ளே இழுக்கிறது. அதற்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டும்.

அந்த வருஷம் நான் காவலனாக நிற்கிறேன் என்றேன். ஊரே சிரித்தது. நியாயம்தான். என் மனைவியின் சவப்பெட்டியைத் தூக்கும்போது போதையில் தடுமாறிக் கீழே போட்டவன் நான். அன்றிலிருந்து என் மகள் நெஸ்ட் என்னோடு பேசுவதில்லை. குடியை விட்டு மூன்று வருஷம் ஆகியும் அவள் நம்பவில்லை. அவள் கண் முன்னால் ஒரு நாளாவது ஒழுங்காக நின்று காட்ட வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

என் மனைவியின் அக்கா எலினெட்தான் முகர்ந்தாள். மதுக்கடை நடத்துகிறவள்.

“வாயத் திற இத்தெல். இருவது வருஷம் என் கடையில ஊத்துன வாய், எனக்குத் தெரியாத வாடையா?” மூக்கைச் சுருக்கினாள். “வெங்காயம். வேற ஒண்ணுமில்ல. நெஸ்ட், நீயும் பாத்துடுறியா?”

“இங்கேருந்தே தெரியுது,” என்றாள் நெஸ்ட். மண்ணை முடிந்து வைத்த கைக்குட்டையோடு முதல் ஆளாக நடந்தாள்.

பதினான்கு பேர் போனார்கள். என்னோடு கால் ஊனமான மெய்ரிக் மட்டும் நின்றான். அவர்கள் கடைசிக் கல்லை எட்டியபோது கடலிலிருந்து பனிமூட்டம் வந்தது. நொடியில் ஆட்களும் இல்லை, கல்லும் இல்லை, கடலும் இல்லை. நான் உடனே கொம்பை எடுத்து ஊதினேன்.

அப்போது எங்களுக்குப் பின்னால், குன்றின்மேல், கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஊருக்கு வந்து ஆறு வாரமே ஆன புதுப் பாதிரியார், மூட்டத்தில் மாட்டியவர்களுக்கு வழி காட்டுகிறாராம்.

“அடப் பாவி மனுஷா,” என்றான் மெய்ரிக். “நல்லது பண்றேன்னு கொல்லப் பாக்குறாரே. மணிக்கு முதுகக் காட்டி நேராக் கடலுக்குள்ள போயிடுவாங்களே.”

“ஓடுடா. போய் நிறுத்து.”

நொண்டிக்கொண்டே ஓடினான். மேடு ஏற அவனுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். தண்ணீர் அதுவரை காத்திராது.

மூட்டத்துக்குள்ளிருந்து குரல்கள் தெளிவாக வந்தன.

“மணி இந்தப் பக்கம் கேக்குது. அப்படியே திரும்புங்க.”

“கொம்பும் அங்கேருந்துதானே வருது?”

“இத்தெல் போதையில எங்கயோ சுத்திக்கிட்டு ஊதுறான். அவன நம்பிச் சாவணுமா?”

சார்ன் மேல் ஓடிப் போய் மகளை இழுத்து வர உடம்பு துடித்தது. ஆனால் கொம்பு நகர்ந்தால் அவர்களுக்கு இருந்த ஒரே திசையும் போய்விடும். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பயனில்லை. மூழ்கினவர்களும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லி வைத்திருக்கிறோம். நின்றேன். மூன்று ஊதல், ஒரு மூச்சு. மூன்று ஊதல், ஒரு மூச்சு. கற்களுக்கு நடுவே கடல் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத சத்தம். ஒரு நாட்டையே விழுங்கியது இந்தச் சத்தம்தான் என்று தோன்றியது. அந்தக் குடிகாரக் காவலன்மேல் முதல் தடவையாக எனக்கு இரக்கம் வந்தது. உதடு வெடித்துவிட்டது. ஊதினேன்.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அப்போதே மூட்டத்திலிருந்து நெஸ்ட் வெளியே வந்தாள். அவளோடு சேர்த்துக் கைகோத்த பதினான்கு பேரும், முழங்கால் அளவுத் தண்ணீரில்.

“உன் மக பிடிச்ச பிடியில எங்கள இழுத்துட்டு வந்துட்டா,” என்றாள் எலினெட், மூச்சு வாங்கிக்கொண்டே. “பொறந்ததுலேருந்து மொத தடவையா மணியப் பாத்து நடந்தோம்.”

நான் நெஸ்டைப் பார்த்தேன்.

“மூணு ஊதி ஒரு மூச்சு,” என்றாள். “ஒரு தடவகூடத் தப்பல. குடிச்சிருந்தா ரெண்டாவதுலயே இருமியிருப்ப. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்து உன் மூச்சக் கேட்டே வளந்தவ நான்.” கிட்டே வந்தாள். “வாயத் திற.”

திறந்தேன். அவள் ஈரத் தலைமுடி என் கன்னத்தில் பட்டது. நிதானமாக முகர்ந்தாள்.

“வெங்காயம். கொஞ்சம் ரத்தம்.” மண் ஒட்டியிருந்த கைக்குட்டையால் என் உதட்டைத் துடைத்தாள்.

அவளுக்குப் பின்னால் சார்ன் கல் கல்லாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. மேலே மணி நின்றது. என் கை மட்டும் கொம்பைத் தூக்கியபடியே இருந்திருக்கிறது போல.

“கொம்பக் கீழ வை அப்பா,” என்றாள். “எல்லாரும் வந்தாச்சு.”